வாலை அடகு வைத்த அரணை

குளக்கரை ஆலமரத்தடியில் அந்தக் காட்டின் இளசுகளெல்லாம் தங்கிப் படித்தன. மின்னி என்ற அரணையும் அந்த வருஷம் அங்கே படிக்க வந்தது. படிப்பில் படுசுட்டி. ஆனால் அரணை இனத்துக்கே உள்ள மறதி அதற்கும் இருந்தது. காலையில் கேட்டது மாலையில் நினைவிருக்காது.

அரணைக்குக் கொம்பு கிடையாது, விஷம் கிடையாது. இருப்பது ஒரு வால். எதிரி பிடித்தால் வாலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவிடும். துடிக்கும் வாலை எதிரி வேடிக்கை பார்ப்பதற்குள் அரணை புதருக்குள் போயிருக்கும். அந்த வால் ஒன்றுதான் அதன் உயிருக்குக் காவல்.

குளத்துக்கு மேற்கே ஒரு உடும்பு ஈசல் கடை வைத்திருந்தது. கையில் எதுவும் இல்லாமல் போனாலும் தின்னலாம். உடும்பு பல் பதித்துத் தரும் பூவரச இலையைக் காட்டினால் போதும். தின்றதைப் பௌர்ணமியன்று திருப்பிக் கொடுக்க வேண்டும். அது மட்டுமா! ஒரு மாதத்துக்குள் ஒரு கூடை ஈசல் தின்றால் கொட்டாங்கச்சி நிறையத் தேன் இனாம்!

அணில்கள் இலையைக் காதில் செருகிக்கொண்டு திரிந்தன. மைனாக்கள் கழுத்தில் மாட்டிக்கொண்டன. மின்னிக்கும் ஆசை வந்தது.

கூடப் படிக்கும் தேரையான கொட்டானுக்கு இது பிடிக்கவில்லை. "ஏ மின்னி, நீ என்னைக்குத் தேன் குடிச்ச?" என்று கேட்டது.

"குடிச்சதில்ல. இனிமே குடிப்பேன்!"

"இலைதான் வேணும்னா கட்டெறும்புக் கடையில வாங்கிக்கோயேன். தினம் ரெண்டு கறையான் தருவாங்க. ஒழுங்காத் திருப்பிக் கொடுத்தா அடுத்த மாசம் நாலு. அடகு எதுவும் கேக்கமாட்டாங்க."

"இனாம் என்ன தருவாங்க?"

"இனாம் எல்லாம் கிடையாது."

"அப்ப எனக்கு எதுக்கு?" என்று மின்னி சிரித்தது. நேராக உடும்பின் கடைக்குப் போனது.

உடும்பு வாயெல்லாம் பல்லாக வரவேற்றது. "வா தங்கச்சி! உனக்கு வரும்படி என்ன?"

"நான் படிச்சிட்டு இருக்கேண்ணே."

"உனக்காக ஜாமீன் நிக்க அப்பா, அம்மா?"

"முட்டையிட்டதோட போயிட்டாங்கண்ணே. நான் பார்த்ததே இல்ல."

"அதனால என்ன! அழகா ஒரு வால் இருக்கே. அதை எழுதிக் கொடு. பௌர்ணமி தவறினா மட்டும்தான் வாலை எடுத்துக்குவேன்."

மின்னி ஒரு நொடி தயங்கியது. மற்ற மிருகமாயிருந்தால் வாலை அடகு வைக்கப் பயந்திருக்கும். அரணை பயப்படவில்லை. 'போனால் முளைக்கிற வால்தானே!' என்று நினைத்தது. எத்தனை நாளில் முளைக்கும், அதுவரை என்ன செய்வது என்று அது யோசிக்கவே இல்லை. "சரிண்ணே!" என்று வாலை நீட்டியது. உடும்பு வாலின் மேல் பல் பதித்து அடையாளம் வைத்தது. இலையையும் கொடுத்தது.

மின்னி ஒன்றும் பெருந்தீனிக்காரி இல்லை. ஒரு வேளைக்கு நாலு ஈசல் தின்றால் வயிறு நிறைந்துவிடும். ஆனால் கூடை காலியானால்தானே தேன்! வயிறு முட்டத் தின்றது. அதற்கு மேல் முடியாதபோது அணில்களையும் மைனாக்களையும் கூட்டிப்போய் விருந்து வைத்தது. "மின்னி மாதிரி மனசு யாருக்கு வரும்!" என்று அவை புகழ்ந்தன. மின்னிக்குத் தலைகால் புரியவில்லை.

தேனும் கிடைத்தது. மின்னி ஆசையோடு நக்கிப் பார்த்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது, தொண்டை எரிந்தது. மிச்சத்தை எறும்புகள் தூக்கிப்போயின.

அப்புறம் பரீட்சை வந்தது. மின்னி இரவு பகலாகப் படித்தது. வானத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. கொட்டான் இரண்டு தடவை வந்து, "பௌர்ணமி வருதுடி, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டது. இரண்டு தடவையும், "இருக்கு, இருக்கு!" என்றது மின்னி. கொட்டான் நகர்ந்ததும் மறந்துபோனது.

நிலா தேயத் தொடங்கியபோதுதான் உறைத்தது. மின்னி பதறிப்போய்க் கட்டெறும்புகளிடம் ஓடியது. "அக்கா, ஒரு கூடை கறையான் கடனாக் கொடுங்க! என் வால் போயிடும்!"

தலைமை எறும்பு வாலைத் திருப்பிப் பார்த்தது. "இது உடும்புப் பல்லாச்சே! தினம் ரெண்டுன்னா அடகு வேண்டாம், ஒரு கூடைன்னா வேணும். ஏற்கெனவே அடகு போன வாலை நம்பி நாங்க எப்படிம்மா தர்றது?"

விருந்து தின்ற அணில்களை மின்னி தேடிப் போனது. அவை உச்சாணிக் கிளைக்கு ஏறிவிட்டன. மைனாக்கள் பறந்துவிட்டன. கொட்டான் மட்டும் விடிய விடியப் பூச்சி பிடித்துக் கொடுத்தது. அது கூடையின் அடியைக்கூட மூடவில்லை.

காலையில் உடும்பு வந்து வாலைப் பிடித்தது.

"அண்ணே! ஒரு வாரம் பொறுங்கண்ணே! பரீட்சைண்ணே!" என்று மின்னி கதறியது.

"நான் என்ன தங்கச்சி பண்றது? நீ சம்மதிச்சதுதானே!" என்றது உடும்பு, பிடியை விடாமல்.

உடும்பின் பிடி லேசில் தளருமா? வால் கழன்றது. அது துடித்து அடங்கும் முன்பே உடும்பு அதை விழுங்கிவிட்டது.

"முளைச்சிரும்" என்று மின்னி சொல்லிக்கொண்டது. வாலில் சேர்த்துவைத்திருந்த கொழுப்பும் வாலோடு போய்விட்டதால் இப்போது அதற்கு எந்நேரமும் பசித்தது. இரை தேடி வெட்டவெளிக்கு வர வேண்டியிருந்தது.

ஒரு நண்பகலில் வல்லூறு இறங்கியது. நகங்கள் முதுகைப் பற்றியதும் மின்னி பழக்கதோஷத்தில் இடுப்பை உதறியது. கழற்றிப் போட எதுவும் இல்லை. சுண்டுவிரல் நுனி அளவுக்குப் புது வால் முளைத்திருந்தது, அவ்வளவுதான்.

"கொட்டான்!" என்று ஒரு தடவை கத்தியது.

கொட்டான் கல்லுக்கடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. பாவம், ஒரு தேரையால் என்ன செய்ய முடியும்? வல்லூறு மரங்களுக்கு மேலே ஏறி மறைந்தது.

அதே நேரம் உடும்பின் கடை வாசலில், அந்த வருஷம் புதிதாகப் படிக்க வந்த ஒரு குட்டிப் பல்லி நின்றுகொண்டிருந்தது. "வா தங்கச்சி! தேன் பிடிக்குமா?" என்று உடும்பு அதை உள்ளே அழைத்தது.

இனாமைப் பார்த்துக் கடனைத் தேர்ந்தெடுப்பவர், ஆபத்துக்கென்று வைத்திருப்பதையே முதலில் இழப்பார்.