கடைசியாகப் புதுப்பித்த நாள்

முன்னொரு காலத்தில் நடந்ததல்ல இது. போன ஆடியில் நடந்தது. இடமும் காடு அல்ல, தலைநகரில் ஓர் அரசு அலுவலகத்தின் மூன்றாம் மாடி. எந்தத் துறை என்று மட்டும் சொல்லமாட்டேன். சொன்னால் மறுப்பறிக்கை அனுப்புவார்கள். அதை மட்டும் தாமதமில்லாமல் அனுப்புவார்கள்.

குருவுக்குத் தாடி கிடையாது. பெயர் நசீமா, வயது முப்பத்தைந்துக்குள். அந்தத் துறையின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தப் பணியாளர்.

சீடர் ஞானசிகாமணி ஐம்பதைத் தாண்டியவர், நிரந்தர ஊழியர். தட்டச்சுப் பிரிவை மூடியபோது அவரைக் கொண்டுவந்து இங்கே உட்காரவைத்துவிட்டார்கள். கம்ப்யூட்டரை எப்படி அணைப்பது என்றுகூடத் தெரியாமல் வந்தவருக்கு எல்லாவற்றையும் நசீமாதான் சொல்லிக்கொடுத்தார். நீங்க எனக்கு குரு மாதிரி மேடம் என்று அவர் அடிக்கடி சொல்வார். நசீமா அதற்குச் சிரிப்பதில்லை. கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லும் பழக்கமும் அவரிடம் இல்லை.

பழைய மென்பொருள் அடிக்கடி படுத்துக்கொண்டது. தளம் முழுவதையும் புதிய மென்பொருளுக்கு மாற்றச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. நசீமாவுக்கு இது மூன்றாவது மாற்றம். ஞானசிகாமணிக்கு முதல் தடவை என்பதால் கல்யாண வேலை பார்ப்பவர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தார்.

பக்கங்களை ஏற்றும்போது புதிய மென்பொருள் ஒரு கேள்வி கேட்டது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘கடைசியாகப் புதுப்பித்த நாள்’ என்று ஒரு வரி இருக்கிறதே, அதில் பழைய தேதியை அப்படியே வைத்துக்கொள்ளவா, இன்றைய தேதியைப் போடவா?

அரசுத் தளங்களுக்கு மேலிருந்து யாரோ மதிப்பெண் போடுவார்கள். பழைய தேதி கண்ணில் பட்டால் மதிப்பெண் குறையும். எதுவுமே பழசாகத் தெரியக்கூடாது என்று பிரிவு அதிகாரி முன்பே சொல்லியிருந்தார். ஞானசிகாமணி யோசிக்கவே இல்லை, இன்றைய தேதியை அழுத்திவிட்டார். ஒரே மத்தியானத்தில் துறை முழுவதும் புதுசாகிவிட்டது.

அவர் நசீமாவின் மேசைக்கு வந்து நின்றார்.

“ஒண்ணுகூட விட்டுப்போகல மேடம். எல்லாம் வந்துடுச்சு. வேலை முடிஞ்சுதுன்னு எழுதிடலாமா?”

“எத்தனை பக்கம் படிச்சீங்க சார்?”

“படிக்கிறதா?” ஞானசிகாமணி சிரித்துவிட்டார். “ஏத்துறதுதானே மேடம் நம்ம வேலை?”

நசீமா திரும்பித் தன் வேலையைப் பார்த்தார். முடிந்ததாக எழுதலாமா கூடாதா என்று அவர் சொல்லவில்லை. ஞானசிகாமணி எழுதிவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் வாட்ச்மேன் ஒரு அம்மாவை மேலே அழைத்துவந்தார். பெயர் வெள்ளைத்தாய். சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தார். கையில் ஒரு துணிப்பை.

அவருடைய மகன் பேச்சிமுத்து பதினாறு வயதில் காணாமல் போனவன். புத்தி கொஞ்சம் மட்டு, தன் பெயரைக்கூடத் தெளிவாகச் சொல்லத் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் பிடிக்கப் போனவன் திரும்பவில்லை. ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. இந்தத் தளத்தில் ‘காணாமல் போனவர்கள்’ பகுதியில் அவனுக்கும் ஒரு பக்கம் உண்டு. வெள்ளைத்தாய்க்குப் படிக்கத் தெரியாது. சந்தைக்கு வரும்போதெல்லாம் இ-சேவை மையத்தில் இருக்கும் பெண்ணிடம் அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்வார். பழைய தேதிதான் இருக்கு பெரியம்மா, புதுசா ஒண்ணும் இல்ல என்று, அடியில் இருக்கும் தேதியை மட்டும் பார்த்துவிட்டு அந்தப் பெண் சொல்வாள். இவரும் காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

இந்தத் தடவை புதுத் தேதி இருந்தது. புதுப்பிச்சிருக்காங்க பெரியம்மா, ஏதோ தகவல் வந்திருக்கு என்று அந்தப் பெண்ணே எழுந்து நின்று சொன்னாளாம்.

வெள்ளைத்தாய் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு ஞானசிகாமணியிடம் கேட்டார்.

“எம்மவன எங்க வச்சிருக்கிய ஐயா?”

பையில் ஒரு புதுச் சட்டையும் வேட்டியும் இருந்தன. இப்போது எந்த அளவு வளர்ந்திருப்பான் என்று தெரியாமல், அவன் அப்பாவின் அளவைச் சொல்லி வாங்கியிருந்தார்.

ஞானசிகாமணி எழுந்தார். நசீமாவின் அருகில் போய், நீங்களே சொல்லிடுங்க மேடம், என்னால முடியாது என்று கெஞ்சினார்.

“தேதி போட்டது நீங்கதானே சார்,” என்றார் நசீமா.

ஞானசிகாமணி திரும்பி வந்து சொன்னார். தளத்தை வேறு மென்பொருளுக்கு மாற்றியதையும், எல்லாப் பக்கத்துக்கும் ஒரே தேதி விழுந்ததையும், பேச்சிமுத்துவைப் பற்றிப் புதிதாக எதுவும் வரவில்லை என்பதையும் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தார். அந்த அம்மா அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் அழவில்லை.

“அப்ப அந்தத் தேதியில அவன ஆரும் பாக்கலையா?”

“இல்லம்மா.”

“அவன் படத்தயாவது ஆராவது பாத்தியளா?”

நசீமா எழுந்து தன் நாற்காலியில் வெள்ளைத்தாயை உட்காரவைத்தார். பேச்சிமுத்துவின் பக்கத்தைத் திறந்தார். படத்தைப் பெரிதாக்கினார்; பெரிதாக்கியதும் முகம் கட்டம் கட்டமாகக் கலைந்துபோனதால் திரும்பவும் சின்னதாக்கினார். பிறகு பக்கத்தில் நின்றபடி எழுதியிருப்பதை மெதுவாக வாசித்தார்.

“பெயர் பேச்சிமுத்து. மாநிறம். காணாமல் போன அன்று பச்சைக் கட்டம் போட்ட சட்டை அணிந்திருந்தார்.”

“ஆமா.”

“மனவளர்ச்சி குன்றியவர். பெயர் சொல்லத் தெரியாது. அடையாளம், வலது புருவத்தின் மேல் நீளமான தழும்பு.”

“இடது,” என்றார் வெள்ளைத்தாய்.

நசீமா நிறுத்தினார்.

“இடது புருவம் தாயி. படிக்கட்டுல விழுந்து கிழிஞ்சது. நாந்தான ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனேன்.”

படத்தில் தலைமுடி நெற்றியை மூடியிருந்தது. தன் பெயர் சொல்லத் தெரியாத ஒருவனை ஏதாவது ஓர் ஊரில், ஏதாவது ஒரு காப்பகத்தில் யாராவது இந்தப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். வலது புருவத்தைப் பார்த்துவிட்டு, இவன் இல்லை என்று மூடியும் இருக்கலாம். ஒன்பது வருஷம், மூன்று மென்பொருள் மாற்றம். புருவம் ஒவ்வொரு தடவையும் தப்பில்லாமல் வந்து சேர்ந்திருக்கிறது.

“மீதியையும் படி தாயி,” என்றார் வெள்ளைத்தாய்.

மீதி இருந்தது தொடர்புக்கான ஒரு போன் நம்பர், வழக்கை விசாரித்த போலீஸ் அதிகாரியுடையது. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே அந்த நம்பரில் பேசிப் பார்த்ததாக அந்த அம்மா சொன்னார். அந்த அதிகாரியின் மகள் எடுத்து, அப்பா இறந்து ரொம்ப நாளாச்சு என்றாளாம். அதனால்தான் நேரில் வந்தாராம்.

ஞானசிகாமணி ஓடிப்போய்த் தன் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்தார். வலது என்பதை இடது என்று மாற்றப் பார்த்தார். புதிய மென்பொருள் விடவில்லை. ஆள் அடையாளத்தை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. சம்பந்தப்பட்ட போலீஸ் ஸ்டேஷனிலிருந்து எழுத்து மூலமாக வரவேண்டும், துறைத் தலைமை ஒப்புதல் தரவேண்டும். பிரிவு அதிகாரியிடம் போய்க் கேட்டார். அவரும் அதையேதான் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: இன்னும் நாலு பேர் இப்படிக் கிளம்பி வருவதற்குள் அந்தப் பகுதிக்கு மட்டுமாவது பழைய தேதிகளைத் திரும்பப் போட்டுவிடுங்கள். அதற்கு ஞானசிகாமணிக்கு அதிகாரம் இருந்தது.

வெள்ளைத்தாய் ஸ்டேஷனில் கொடுக்கவேண்டிய மனுவை நசீமாவே எழுதிக் கொடுத்தார். அந்த அம்மா அதை வாங்கி, சட்டைக்கும் வேட்டிக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். இதக் குடுத்தா மாத்திருவாவளா என்று கேட்டார். மாற்றுவார்கள் என்று நசீமா சொல்லவில்லை, கேட்டுக்கிட்டே இருங்கம்மா என்றுதான் சொன்னார். கேட்டுக்கிட்டுதான இருக்கேன் என்று சொல்லிவிட்டு வெள்ளைத்தாய் படியிறங்கிப் போனார்.

சாயங்காலம் வரை ஞானசிகாமணி தலை நிமிரவில்லை. காணாமல் போனவர்களுக்கெல்லாம் பழைய தேதிகளைத் திரும்பப் போட்டார். பேச்சிமுத்துவுக்கும் போட்டார். கடைசியில் நாற்காலியை நசீமாவின் பக்கம் திருப்பினார். அவர் கண் சிவந்திருந்தது.

“மேடம், தேதியெல்லாம் சரி பண்ணிட்டேன். இனிமே இந்த மாதிரி யாரும் ஏமாந்து வரமாட்டாங்கல்ல?”

நசீமா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“வரமாட்டாங்க சார். பழைய தேதி இருந்த வரைக்கும் யாரும் வரலையே.”