இளவரசிக்கு ஏன் அரித்தது?

இது நடந்து ரொம்ப காலம் ஆகிவிட்டது. எவ்வளவு காலம் என்றால், அப்போது கிளிகளுக்கு மூக்கு சிவக்கவில்லை, முயல்களுக்குக் காது இவ்வளவு நீளவில்லை. ஒரு பெரிய ஆற்றின் இக்கரையில் மகரவேள் என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார்.

நல்ல ராஜா. வரி குறைவு, சிரிப்பு அதிகம். அவரிடம் ஒரே ஒரு கோளாறு. எது நடந்தாலும் "இது ஏன்?" என்று கேட்பார். கேட்டால் பதில் வந்தாக வேண்டும். "தெரியாது" என்ற சொல்லை அந்த அரண்மனையில் ஒருவரும் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. சொல்லிப் பார்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

அரண்மனை முற்றத்தில் ஒரு கல் கிடந்தது. காரணக்கல் என்று பெயர். கெட்டது எது நடந்தாலும், அதற்குக் காரணமானவரைப் பிடித்து, உச்சிப்பொழுது முரசு அடிப்பதற்குள் அந்தக் கல்லில் ஏற்றிவிடுவார்கள். முரசு அடித்ததும் "இவரே காரணம்" என்று மூன்று முறை சொல்லி, பரிசலில் வைத்து அக்கரைக்கு அனுப்பிவிடுவார்கள். தொல்லை தீர்ந்தால்தான் திரும்பி வரலாம்.

பால் திரிந்தது. பூனையைக் கல்லில் ஏற்றினார்கள். மழை தப்பியது. தவளையை ஏற்றினார்கள். அது இறங்கி இறங்கி ஓடியதால் நாலு சேவகர்கள் பிடித்துக்கொண்டார்கள். ராஜாவின் மாமனார் சதுரங்கத்தில் தோற்றார். கண்ணில் வெயில் அடித்ததாம். வெயிலை ஏற்ற முடியாதே என்று ஜன்னலைக் கழற்றிக் கொண்டுவந்து ஏற்றினார்கள்.

இப்படி நடந்துகொண்டிருந்தபோது ராஜாவின் மகளுக்கு அரிக்க ஆரம்பித்தது.

மகளுக்கு வயது நாலு. பெயர் நீளமானது, கூப்பிடுவது சிட்டு. முதலில் முழங்கை மடிப்பில் ஒரு சிவப்புத் திட்டு. கொசு என்றார்கள். பிறகு முழங்கால் மடிப்பில் ஒன்று. வேர்க்குரு என்றார்கள். பிறகு கழுத்தில். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சிட்டு சாப்பிடும்போது சொறிந்தாள், விளையாடும்போது சொறிந்தாள், தூங்கும்போதும் சொறிந்தாள். தோல் வறண்டு செதில் செதிலாக உதிர்ந்தது. "அம்மா, உள்ள எறும்பு இருக்கு," என்பாள்.

அம்மாதான் ராணி பவழவல்லி. காலையில் எழுந்ததும் அவள் செய்யும் முதல் வேலை, மகளின் சட்டையைத் தூக்கித் திட்டுகளை எண்ணுவது. நேற்று ஏழு. இன்று ஐந்து. அன்று முழுக்கப் பாடிக்கொண்டே இருப்பாள். மறுநாள் ஒன்பது. அன்று நெய்யை எடுத்து மோரில் ஊற்றிவிடுவாள். இது போகாமலே இருந்துவிட்டால்? அந்தக் கேள்வியை அவள் ஒருவரிடமும் கேட்கவில்லை. பதில் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

ராஜா மகளைப் பார்த்தார். சபையைப் பார்த்தார். "இது ஏன்?" என்றார்.

முதலில் எழுந்தவள் ராஜாவின் அக்கா பெரியநாச்சி.

"ஏம்மா வல்லி, பிள்ளைக்குக் கத்தரிக்காய் போட்டியா?"

"எப்பவோ ஒரு நாள் போட்டேன், மதினி."

"எப்பவோ ஒரு நாளாம். கேட்டுக்கோங்க எல்லாரும். இவ அம்மா வீட்டுல விடிஞ்சா கத்தரிக்காய், அடைஞ்சா கத்தரிக்காய். நான் அன்னைக்கே சொன்னேன்."

அவள் எதையுமே அன்றைக்குச் சொன்னதில்லை. இருந்தாலும் நாட்டில் உள்ள கத்தரிச் செடியெல்லாம் பிடுங்கப்பட்டது. நல்ல கொழுத்த காய் ஒன்றைக் காரணக்கல்லில் நிறுத்தினார்கள். அது அவமானத்தில் ஊதா நிறமாக நின்றது. அதற்கு முன்பும் ஊதாதான், இருந்தாலும் பார்க்கப் பாவமாக இருந்தது. முரசு அடித்தது. பரிசல் போயிற்று.

பத்து நாள் அரிப்பு அடங்கியிருந்தது. பெரியநாச்சி புது வளையல் போட்டுக்கொண்டு வீதி உலா வந்தாள். பதினோராம் நாள் காலையில் ராணி எண்ணினாள். எட்டு.

இரண்டாவதாக அரண்மனை வைத்தியர் பொழிலனார் எழுந்தார். மூன்று வண்டி நிறைய ஓலைச்சுவடி கொண்டுவந்து இறக்கினார். பிள்ளையைப் பார்க்கவில்லை, ஓலையைப் பார்த்தார். தும்மித் தும்மிப் பார்த்தார். கடைசியில், "உடுப்பு வெளுக்கிற உவர்மண்தான் காரணம். சலவைக்காரனைக் கூப்பிடுங்கள்," என்றார்.

சலவைக்காரர் மாசாணம் வந்தார். கூடவே மனைவியும் கழுதையும்.

"ஐயா, இதே மண்ணுலதான் உங்க வேட்டியையும் வெளுத்தேன். உங்களுக்கு அரிக்கலையே," என்றார் மாசாணம்.

"நான் படிச்சவன். பேசாம ஏறு," என்றார் வைத்தியர்.

மாசாணம் ஏறினார், மனைவி ஏறினாள், கழுதை மாட்டேன் என்றது. அதைத் தூக்கி ஏற்றினார்கள். முரசு அடித்தது. பரிசல் போயிற்று.

பத்து நாள் அரிப்பு அடங்கியிருந்தது. அதற்குள் வெளுக்க ஆளில்லாமல் சபை நாற ஆரம்பித்தது. தூபம் போடுகிற ஆள் ஒருவர் இருந்த இடத்தில் ஆறு பேரானார்கள். பதினோராம் நாள் காலையில் ராணி எண்ணினாள். பன்னிரண்டு.

மூன்றாவதாக ஆற்றங்கரைச் சாமியாரைப் பல்லக்கில் கொண்டுவந்தார்கள். வைத்தியராவது ஓலையைப் பார்த்தார். சாமியார் கண்ணையே திறக்கவில்லை.

"தாய் செய்த தப்பு," என்றார். "வேறென்ன?"

சபை முழுவதும் ராணியைத் திரும்பிப் பார்த்தது. ராணி அழுவாள், சண்டை போடுவாள் என்று நினைத்தார்கள். அவள் தலையை ஆட்டினாள். அவளும் இத்தனை நாளாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தப்புன்னுதான் பிடிபடலை, சாமி," என்று சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக ஒப்பித்தாள். "ஏழு வயசுல பக்கத்துத் தோப்புல மாங்காய் திருடினேன். வயித்துல பிள்ளை இருக்கும்போது பழைய கஞ்சி குடிச்சேன். கிரகணத்தன்னைக்கு ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன். ஒரு சாவு வீட்டுல எனக்குச் சிரிப்பு வந்திடுச்சு. தலைவலின்னு மாமியார்கிட்ட பொய் சொல்லிட்டு ஊஞ்சல் ஆடினேன். அப்புறம் ஒரு நாள் இவ அழுதுகிட்டே இருந்தா. நான் பத்து எண்ணுற வரைக்கும் காதைப் பொத்திக்கிட்டேன். இதுல எது சாமி?"

சாமியார் கொஞ்சம் யோசித்தார். "மொத்தமும்," என்றார்.

ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் காரணம் கிடைத்துவிட்டது. காரணம் கிடைத்தால் கல்லில் ஏற வேண்டும், கல்லில் ஏறினால் பரிசலில் போக வேண்டும். தொல்லை தீரும்வரை திரும்ப முடியாது. அந்தத் தொல்லையோ தீருகிற மாதிரியே இல்லை.

உச்சிப்பொழுது நெருங்கியது. ராணி முற்றத்துக்கு வந்தாள். சிட்டு சேலையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"பரிசல்ல எங்கம்மா போற?"

"அக்கரைக்கு."

"எறும்பையும் கூட்டிட்டுப் போறியா?"

"ஆமா கண்ணு."

சிட்டு தன் முழங்கையை மடக்கிப் பார்த்தாள். "எறும்பு இங்கதான இருக்கு," என்றாள்.

ராணிக்கு அப்போதுதான் பயம் ஒரு பக்கமாக ஒதுங்கியது. போகவில்லை, ஒதுங்கியது. கல்லில் ஏறி, நிற்காமல் உட்கார்ந்தாள். மகளை மடியில் வைத்துக்கொண்டாள். சொறியாமல் இருக்க அவளுடைய இரண்டு கைகளையும் தன் இரண்டு கைகளால் பிடித்துக்கொண்டாள்.

காரணக்கல்லில் ஏறியவர் முரசு அடிக்கும்வரை பேசலாம் என்பது அந்த நாட்டு வழக்கம். பூனையும் தவளையும் கத்தரிக்காயும் அதைப் பயன்படுத்தியதில்லை.

"மகாராஜா," என்றாள் ராணி. "என்னை அனுப்புறவங்க, இந்த அரிப்பு எப்படி இருக்கும்னு ஒரு தடவை கேட்டுட்டு அனுப்பட்டும். ஓலையிலயும் இல்லை, ஞானக்கண்ணுலயும் இல்லை. பக்கத்துல படுத்துப் பார்த்தவ சொல்றேன்."

"சொல்," என்றார் ராஜா.

"முதல்ல ஒண்ணுமே இருக்காது. பிடரியில, முடி முடியிற ஓரத்துல, ஒரே ஒரு எறும்பு. அது நடக்காது. சும்மா நிக்கும். நிக்குதா நடக்குதான்னு நீங்க யோசிப்பீங்க. யோசிச்சதும் நடக்கும். காது மடலுக்குப் பின்னால போகும். அங்கிருந்து தோள்பட்டை. அங்கிருந்து முதுகு நடுவுல, கை எட்டாத இடம் ஒண்ணு இருக்கு பாருங்க, அங்க போய் உக்காந்துக்கும். உக்காந்துகிட்டுச் சொந்தக்காரங்களைக் கூப்பிடும்."

என்ன, உங்கள் கை எங்கே போகிறது? மடியில் வையுங்கள். கதை இன்னும் முடியவில்லை.

சபையில் மந்திரியின் விரல் மெல்ல மூக்கோரம் போயிற்று. தளபதி முதுகைத் தூணில் வைத்து எருமை மாதிரி தேய்த்தார். பெரியநாச்சி வளையலை மேலே தள்ளிவிட்டுப் பரபரவென்று சொறிந்தாள். வைத்தியரின் இரண்டு கையும் தாடிக்குள் போய்விட்டன. சாமியார் ஒரு கண்ணை மட்டும் திறந்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, கமண்டல மூக்கால் விலாவைச் சொறிந்துகொண்டார். ராஜா கிரீடத்தைத் தூக்கி, ஒரு விரலை உள்ளே விட்டார்.

"மதினி, உங்களுக்கு ஏன் அரிக்குது?" என்றாள் ராணி. "கத்தரிக்காயா?"

"ஊர்லயே கத்தரிக்காய் இல்லையேடி."

"வைத்தியரே, உங்களுக்கு? உவர்மண்ணா?"

"வேட்டி வெளுத்துப் பதினோரு நாள் ஆச்சு, தாயே."

"சாமி, உங்க அம்மா என்ன தப்பு செஞ்சாங்க?"

"எங்கம்மாவை எதுக்கு இழுக்கிற?" என்றார் சாமியார். இப்போது இரண்டு கண்ணும் திறந்திருந்தன.

மந்திரி கெட்டிக்காரர். "ராணியார் பேச்சுதான் காரணம்," என்றார்.

"சரி. வாயை மூடிக்கிறேன்," என்று ராணி மூடிக்கொண்டாள். சபை காத்திருந்தது. அரிப்பு நிற்கவில்லை, கூடியது. முரசு அடிக்க வேண்டியவன் கோலை முதுகுக்குள் விட்டுச் சொறிந்துகொண்டிருந்ததால் உச்சிப்பொழுது தாண்டிப் போனதை யாரும் கவனிக்கவில்லை.

சொறிந்துகொண்டிருந்த ராஜா கல்லைப் பார்த்தார். "வல்லி, நீ மட்டும் ஏன் சொறியலை? உனக்கு அரிக்கலையா?"

"பயங்கரமா அரிக்குது," என்றாள் ராணி. "ரெண்டு கையும் இவ கையைப் பிடிச்சிருக்கு. எதால சொறிவேன்?"

ராஜா அந்த நாலு கைகளையும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கிரீடத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"என் மகளுக்கு ஏன் அரிக்குதுன்னு," என்று ஆரம்பித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்குத் தெரியாது," என்றார்.

சபை மூச்சைப் பிடித்துக்கொண்டது. வானம் இடியவில்லை. கோட்டைச் சுவர் விழவில்லை. ஒரு காகம் முற்றத்தின் குறுக்கே நடந்து போயிற்று. ராஜா இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். "தெரியாது." நாக்குக்கு லேசாகத்தான் இருந்தது.

அதைக் கேட்டதும் வைத்தியர் எழுந்து வந்தார். ஓலை இல்லாமல் வந்தார். கல்லருகே குந்தி உட்கார்ந்து, முதல் முறையாகச் சிட்டுவின் முழங்கையைப் பார்த்தார்.

"எனக்கும் தெரியாது, மகாராஜா. ஆனா குளிச்ச ஈரம் காயுறதுக்குள்ள தேங்காயெண்ணெய் பூசினா வறட்சி அடங்கும். நகத்தை ஒட்ட வெட்டணும். முரட்டுத் துணி ஆகாது. இது எனக்குத் தெரியும்."

"இதை ஏன்யா இத்தனை நாளாச் சொல்லலை?"

"ஏன் வந்துச்சுன்னுதான கேட்டீங்க. என்ன செய்யலாம்னு யாரும் கேக்கலையே."

அன்றைக்கே பரிசல் அக்கரைக்குப் போய் எல்லாரையும் ஏற்றி வந்தது. மாசாணம் இறங்கியதும், ஊரே மூட்டை மூட்டையாக அழுக்குத் துணியுடன் வரிசையில் நின்றது. ராஜாதான் முதல் ஆள். தவளை மட்டும் வரவில்லை. அங்கே அதற்குக் குடும்பமாகிவிட்டதாம்.

அரிப்பு போய்விட்டதா என்று கேட்கிறீர்கள். போயிற்று, வந்தது, மறுபடி போயிற்று. மழைக்காலத்தில் ஒளிந்துகொண்டது, பனிக்காலத்தில் எட்டிப் பார்த்தது. சிட்டு அதோடுதான் மரம் ஏறினாள், அதோடுதான் எழுதப் படிக்கக் கற்றாள், அதோடுதான் வளர்ந்தாள். ராணி எண்ணுவதை விட்டுவிடப் பார்த்தாள். சில நாள் முடிந்தது, சில நாள் முடியவில்லை. ஆனால் தினமும் காலையில், "இன்னைக்கு எறும்பு எங்க இருக்கு?" என்று கேட்பாள். சிட்டு காட்டுவாள். இருவரும் உட்கார்ந்து அந்த இடத்தில் எண்ணெய் பூசுவார்கள்.

ஆகவே, காரணம் தெரியாத துன்பம் வந்தால், பிறரையோ தன்னையோ குற்றவாளி ஆக்காமல், துன்பப்படுகிறவரின் கையைப் பிடித்துக்கொள்வதே அறிவு.