நாலு பேர் போட்ட முற்றுகை

எங்கள் ஊரில் புத்தி மட்டானவர்கள் நாலு பேர் என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பேச்சு இருந்தது. அதில் மூன்று பேரைப் பற்றி எனக்கு மறுப்பு இல்லை. நாலாவது ஆள் நான்.

நாங்கள் கிணறு வெட்டுகிறவர்கள். அப்போது எனக்கு முப்பத்துநாலு வயது. பதினோரு பெண் பார்த்து, பதினொன்றும் தட்டிப்போயிருந்தது. பன்னிரண்டாவது பெண்ணைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். தாய்மாமா பெரியநாயகம், அக்கா புருஷன் துரைப்பழம், கூட்டாளி கொம்பையா, நான். நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் பெண் வீட்டில் கால் வைத்தாக வேண்டும். "இதையும் கெடுத்தீங்கன்னா இனி உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று தரகர் சொல்லியிருந்தார்.

பஸ் ஒரு மணிக்கே இறக்கிவிட்டது. பெண்ணின் ஊருக்கு முன்னால், வேலி போட்ட பெரிய பொட்டலும் இடிந்த கோட்டையும் இருந்தன. அந்தக் காலத்தில் பெரியவர், சின்னவர் என்ற அண்ணன் தம்பி ஜமீனுக்காக வெட்டிக்கொண்ட இடமாம். அதைப் பூங்காவாக்கி, எங்கே என்ன நடந்தது என்று பலகை நட்டிருந்தார்கள்.

வாசல் கொட்டகையில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் சீட்டுக் கிழித்துக் கொடுத்தார். "பலகை என்ன சொல்லுதோ அதுபடி போங்க. விட்டு விலகினா பாம்பு கெடக்கு" என்றார்.

இந்த ஒரு வார்த்தை எங்களுக்குப் போதும்.

முதல் கம்பம் மொட்டையாக நின்றது. "இதுல பலகை எங்கவே?" என்று மாமா கேட்டார்.

"எழுத்து அழிஞ்சுபோச்சு. வீட்டுல பெயிண்ட் அடிச்சுக் காய வச்சிருக்கேன். அடுத்ததுல இருந்து பாருங்க."

மாமாவுக்கு மனசு ஆறவில்லை. "அது என்ன சொல்லுச்சோ, அதைச் செய்யாமப் போறோமே" என்று முனகிக்கொண்டே வந்தார்.

இரண்டாவது பலகை: 'பெரியவர் படை இந்தப் பள்ளத்தில் பதுங்கியது.' பதுங்கினோம். "வெட்டுனவனுக்குத் தொழில் தெரியல. சரிவு கோணல்" என்றார் துரைப்பழம். என் வெள்ளை வேட்டி செம்மண் நிறமானது.

மூன்றாவது பலகை: 'இங்கே படை தன் யானையை இழந்தது.' எங்களிடம் யானை இல்லை.

"இருக்கிறதுல பெருசு எதுவோ, அதை இழப்போம்" என்றான் கொம்பையா. பெண் வீட்டுக்கு வாங்கிய வாழைத்தாரை அங்கே வைத்துவிட்டு, துக்கத்தோடு நடந்தோம்.

நாலாவது பலகை கோட்டை வாசலில் இருந்தது. 'பெரியவர் படையினர் 480 பேர் இங்கே மூன்று நாள் உணவின்றி முற்றுகையிட்டு நின்றனர். பின்னர் சின்னவரின் ஆள் இரு கைகளையும் தூக்கிச் சரணடைந்தார். முற்றுகை விலகியது.'

நான் மாமாவின் கையைப் பிடித்தேன். "மாமா, மூணு நாளா? நாலரைக்குப் பொண்ணு பாக்கணுமே!"

"மூணு நாள் அவங்களுக்குடா. அவங்க நானூத்தெண்பது பேர். நாம நாலு பேர்தானே?"

"அப்ப சீக்கிரம் முடிஞ்சிரும்" என்றேன்.

"எப்படி முடியும்? பத்து பேர் ஆறு நாள்ல வெட்டுற கிணத்தை மூணு பேர் எத்தனை நாள்ல வெட்டுவான்?"

"இருபது நாள்."

"ஆள் குறைஞ்சா நாள் கூடும். அந்தக் கணக்குத்தான் இதுக்கும்."

துரைப்பழம் மண்ணில் குச்சியால் போட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "முன்னூத்தறுபது நாள்."

கிணற்றுக் கணக்கில் எங்களை யாரும் மிஞ்ச முடியாது. நின்றோம்.

மூன்றே முக்கால் மணிக்குக் காக்கிச் சட்டைக்காரர் வேகமாக வந்தார். கோட்டைக்குள் போய், யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத் திரும்பினார். வாசலை நாங்கள் மறித்து நின்றோம்.

"வெளியே போங்கவே. இன்னைக்குச் சீக்கிரம் பூட்டணும்."

"முடியாது. முற்றுகை போட்டிருக்கோம்" என்றார் மாமா.

"எது வரைக்கும்?"

"அடுத்த வருஷம் இதே மாசம் வரைக்கும். நீங்க சரணடைஞ்சா இப்பவே போயிருவோம்."

"நானா? எங்க பூட்டன் சின்னவர் படையில முரசு அடிச்சவரு. எங்க வம்சத்துல ஒருத்தனும் கையைத் தூக்கினதில்ல."

"பலகையில போட்டிருக்கே. வேணும்னா வாசிச்சுப் பாருங்க."

"யோவ், நாலரைக்குள்ள என் மகளைப் பொண்ணு பாக்க வாராங்கய்யா!"

"நாங்களும் நாலரைக்குள்ள பொண்ணு பாக்கப் போகணும். உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியுது" என்றார் மாமா, நகராமல்.

இவ்வளவு பேசியும் ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியவில்லையா என்று கேட்பீர்கள். பெண்ணின் அப்பா ஒரு கோட்டைக்கே பொறுப்பானவர் என்று தரகர் எங்களிடம் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் விவரமானவர்கள் என்று அவரிடம் சொல்லியிருந்தார். எப்படித் தெரியும்?

நாலு மணி தாண்டியது. நான் அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "ஐயா, முப்பத்துநாலு வயசாச்சு. எனக்காகத் தூக்குங்க."

அவர் என் முகத்தையும் வேட்டியையும் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் தூக்கினார். முற்றுகை விலகியது. அவர் எங்களுக்கு முன்னால் ஓடினார்.

நாங்கள் வழி கேட்டுப் பெண் வீட்டை அடைந்தபோது மணி நாலு இருபத்தைந்து. வாசலில் ஒரு பலகை பெயிண்ட் மினுங்கச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. 'எதிரியை ஏமாற்ற, பெரியவர் படை இவ்விடத்தில் பின்பக்கமாகவே நடந்து உள்ளே நுழைந்தது.'

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நாம விட்ட பலகைடா! வாசல்லயே வச்சிருக்காங்க பாரு."

நாலு பேரும் திரும்பி, பின்பக்கமாக நடந்து உள்ளே நுழைந்தோம். "வாங்க, வாங்க" என்று ஒரு குரல் இழுத்தது, பிறகு நின்றது. "மாப்பிள்ளை யாரு?"

வாசலைப் பார்த்தபடியே கையைத் தூக்கினேன்.

"கொஞ்சம் திரும்பச் சொல்லுங்களேன்."

"பலகையில திரும்புனதாப் போடலையே" என்றார் மாமா.

பின்னால் ஒரு டம்ளர் கீழே விழுந்து உருண்டது. மாமாவின் குரல் காக்கிச் சட்டைக்காரருக்குப் பிடிபட்டுவிட்டது. "உலகு, உள்ளே போ!" என்று கத்தினார்.

"இருங்கப்பா. இதுவரைக்கும் வந்தவங்கள்ல இவங்கதான் மொறைச்சுப் பாக்கல. எனக்குச் சம்மதம்" என்றது ஒரு பெண் குரல்.

உலகம்மாள் என் முதுகைப் பார்த்துத்தான் என்னைக் கட்டிக்கொண்டாள். முப்பத்தெட்டு வருஷம் கூட இருந்தாள். "மூஞ்சியைப் பாத்திருந்தா யோசிச்சிருப்பேன்" என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

சம்மதம் கிடைத்தும் நாங்கள் நகரவில்லை. வெளியே போகப் பலகை இல்லை. மாமனார் கொஞ்ச நேரம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, பெயிண்ட் டப்பாவை எடுத்து, அந்தப் பலகையின் மறுபக்கத்தில் எழுதி எங்கள் முன்னால் நட்டார். 'படை இங்கிருந்து வெளியேறி, ஆவணி பத்தாம் தேதி காலை தாலியோடு மீண்டும் வந்தது.'

நிம்மதியாக வெளியேறினோம். பஸ்ஸில் கொம்பையா ஒரு சந்தேகம் கேட்டான். "படைன்னு போட்டிருக்கே, எத்தனை பேருன்னு போடலையே?"

"படைன்னா எத்தனைன்னுதான் முன்னமே வாசிச்சோமேடா" என்றார் மாமா.

ஆவணி பத்தாம் தேதி காலை மாமனார் நாற்பது பேருக்குச் சமைத்து வைத்துக் காத்திருந்தார். நாங்கள் நானூற்றெண்பது பேர் போய் இறங்கினோம். இலை பத்தாது என்று அவர் பதறியபோது, மாமா அவர் தோளில் தட்டிச் சொன்னார்: "கவலைப்படாதீங்க சம்பந்தி. மூணு நாள் உணவில்லாம நிக்கத் தயாராத்தான் எல்லாரையும் கூட்டிட்டு வந்திருக்கேன்."