பதினொன்று பத்து மணி ரீடிங்

"இந்தத் தடவையாவது பாஸ் போடுவீங்களா, மேடம்?"

சண்முகவடிவு நோட்டை இரண்டு கையாலும் நீட்டியபடி கேட்டாள். திருநெல்வேலிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் ஒன்பது வருஷம் இயற்பியல் நடத்தியவள். முப்பத்தாறு வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு, எம்.எஸ்சி. படிக்க ஜெர்மனிக்கு வந்திருந்தாள்.

நோட்டை வாங்கிக்கொண்ட பேராசிரியர் கத்ரினுக்கு வயது முப்பத்தொன்று. பெயர் சொல்லியே கூப்பிடுங்கள் என்று சொல்லிச் சொல்லி அவர் அலுத்துப்போயிருந்தார். வடிவுக்கு வாய் வரவில்லை. மேடத்தையும் விட்டுவிட்டால் அப்புறம் பயப்படுவதற்கு யார் இருக்கிறார்கள்?

இருவரும் பேசியது இங்கிலீஷ். நாம் நம் பேச்சிலேயே கேட்போம்.

ஆய்வகப் பாடத்தில் வடிவு ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டிருந்தாள். மூன்றாவது முறையும் போனால் படிப்பில் இடம் கிடையாது, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். சோதனை என்னவோ எளியதுதான். நூலில் ஒரு சின்னக் காந்தம் தொங்கும். அதில் ஒட்டிய கண்ணாடியில் பட்டு, எதிரேயுள்ள அளவுகோலில் ஓர் ஒளிப்புள்ளி விழும். புள்ளி எங்கே நிற்கிறது என்று மூன்று நாள் பார்த்து எழுத வேண்டும்.

கத்ரின் நோட்டைப் புரட்டினார். சிவப்பு மார்ஜின். அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. எல்லா எண்களும் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன.

"அழகா இருக்கு. எதைப் பார்த்து எழுதினீங்க?"

வடிவு பையிலிருந்து ரஃப் நோட்டை எடுத்துக் கொடுத்தாள். அதில் மூன்று எண்களைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது. அந்த மூன்றும் நல்ல நோட்டில் இல்லை.

கேட்பதற்கு முன்னால் அவளே சொல்லிவிட்டாள்.

"எங்க ஊர்ல புத்தகத்துல இருக்கிற விடை வரணும், மேடம். ஒத்துவராத ரீடிங்கை ரெக்கார்டுல ஏத்த மாட்டோம். நானே பிள்ளைங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்குடுத்தேன். இந்த மூணும் எங்கேயோ தள்ளிப் போயிடுச்சு. பயந்துட்டேன்."

கத்ரின் திட்டவில்லை. எண்களின் ஓரத்தில் பொடியாக எழுதியிருந்ததன்மேல் விரலை வைத்தார்.

"இது என்ன?"

"மணி, மேடம்."

சொல்லவே கூச்சமாக இருந்தது. அவள் படித்த கல்லூரியில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொரு ரீடிங்குக்கும் பக்கத்தில் மணியைப் போடச் சொல்வார்கள். கரண்ட் போவதற்கு முன் எடுத்ததா, வந்தபிறகு எடுத்ததா என்று அப்புறம் தெரிய வேண்டுமே. இங்கே வந்த நாளிலிருந்து ஒருமுறைகூடக் கரண்ட் போகவில்லை. கைதான் கேட்க மாட்டேன் என்கிறது.

கத்ரின் வட்டங்களுக்குப் பக்கத்திலிருந்த மணியை மட்டும் வாசித்தார். திங்கள், பதினொன்று பத்து. செவ்வாய், பதினொன்று பத்து. புதன், பதினொன்று பத்து.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றாக ஐந்து நிமிஷம் இருந்தது. விளக்கை அணைத்துவிட்டு, அளவுகோலின் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மேடம், நான் பாஸா ஃபெயிலா?"

"உட்காருங்க."

கால் மணி நேரம். அதற்குள் வடிவு மனசுக்குள் பெட்டி கட்டி, விமானம் ஏறி, பிரின்சிபாலிடம் பழைய வேலையைக் கேட்டு, இல்லை என்ற பதிலையும் வாங்கிக்கொண்டாள்.

பதினொன்று பத்துக்குச் சுவருக்குப் பின்னால் கடகடவென்று சத்தம் கேட்டது. தினமும் கேட்கிற சத்தம்தான். புள்ளியைப் பார்க்கிறவர்களில் யார் அதற்குக் காது கொடுத்தார்கள்?

புள்ளி நழுவியது. நான்கு கோடு தள்ளிப் போய் நின்றது. சத்தம் மேலே ஏறி ஓய்ந்ததும் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தது.

கத்ரின் கதவைத் திறந்துகொண்டு ஓடினார். வடிவும் பின்னாலேயே ஓடினாள். சுவருக்கு அந்தப் பக்கம் கேண்டீனின் சரக்கு லிஃப்ட் இருந்தது. மதியச் சாப்பாட்டைப் பெரிய பெரிய பாத்திரங்களில் மேலே கொண்டுபோகிற இரும்புக் கூண்டு. காந்தத்தை இழுத்தது அதுதான்.

திரும்பி வந்ததும் கத்ரின் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'பாஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நல்ல நோட்டை மறுபடி திறக்காமலே திருப்பிக் கொடுத்தார்.

வடிவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு வார்த்தையில் ஊருக்கு அனுப்பியிருக்கக்கூடியவர், கால் மணி நேரம் இருட்டில் தன்னோடு உட்கார்ந்திருந்தாரே என்று இருந்தது.

"எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல, மேடம்."

கத்ரின் அலமாரியிலிருந்து தன் நோட்டை எடுத்து மேஜைமேல் விரித்தார். அந்தக் காந்தத்தை இந்த அறைக்குக் கொண்டுவந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எட்டு மாதத்து ரீடிங்குகளும் அதில் இருந்தன. பக்கத்துக்குப் பக்கம் ஓர் எண்ணாவது குறுக்கே கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. ஓரமெல்லாம் காலி.

அவர் பேனாவைத் திறந்துகொண்டு வடிவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மணியை எந்தப் பக்கம் எழுதணும்? காட்டுங்க."