ஒன்றரையும் முக்காலும்

ஜமீன் பேண்டு கலைந்து ஐம்பத்தொரு வருஷம் ஆகிறது. அதில் வாசித்தவர்கள் நாங்கள் பதினேழு பேர். பதினெட்டாவது ஆள் வேதமுத்து, வாத்தியம் துடைப்பவன்.

அடிக்குரலில் ஊதும் பெரிய பித்தளை வாத்தியமான டியூபா இரண்டு இருந்தன. பருத்ததற்கு ஒன்றரை என்றும் ஒல்லிக்கு முக்கால் என்றும் செய்த கம்பெனியே பெயர் வைத்திருந்தது.

ஒரு ஊர்வலத்தன்று காலை ஜமீன்தார், "இந்த இரண்டில் எதற்கு அடிக்குரல் ஆழம்?" என்று கேட்டார்.

"ஒன்றரைக்குத்தான்" என்றார் பேண்டு மாஸ்டர் துரைக்கண்ணு.

"முக்காலுக்குங்க" என்று சொல்லிவிட்டான் வேதமுத்து.

"ஊதத் தெரியாத பயலே, நிரூபி. இல்லாவிட்டால் இன்றோடு உனக்கு வேலை இல்லை!" என்று சீறினார் மாஸ்டர்.

வேதமுத்து நூல்கண்டு எடுத்துவந்தான். ஒவ்வொரு டியூபாவிலும் ஊதும் வாயிலிருந்து குழாயின் வளைவெல்லாம் மேலோடு நூலை ஓட்டி அறுத்தான். முற்றத்தில் நீட்டி அளந்தால் ஒன்றரைக்குப் பதினாறு அடி, முக்காலுக்குப் பதினெட்டு.

"துடைக்கிற கைக்குத் தெரியுமுங்க. பேரு பருமனுக்கு வெச்சது. ஆழம் குழாய் நீளத்துல இருக்கு."

ஜமீன்தார் இரண்டையும் ஊதச் சொன்னார். முக்கால்தான் ஆழமாக இறங்கியது.

எங்களில் மிகப் பருத்தவரான மாஸ்டருக்கு மனம் ஆறவில்லை. ஒன்றரையைக் காட்டி, "இவ்வளவு பெரிய உடம்புக்குக் குரல் எப்படியடா மேலே போகும்?" என்று கீச்சுக்குரலில் கத்தினார்.

வேதமுத்து தலை குனிந்துகொண்டான். "எனக்கும் அதுதாங்க விளங்கல."

முதலில் சிரித்தவர் ஜமீன்தார். வேதமுத்துவின் வேலை நிலைத்தது. அன்றைய ஊர்வலத்தில் ஊதுகிற பதிமூன்று பேருக்கும் உதடு குவியவே இல்லை. டிரம் அடித்த நாங்கள் நாலு பேர்தான் ஒழுங்காக வாசித்தோம்.