ஏரிக்குள் மனை விற்ற மயில்

குறிஞ்சிக்காட்டில் நீலகண்டன் என்றொரு மயில் இருந்தது. மழைக்காலம் வந்தால் அது பெரிய பாறைமேல் ஏறி ஆடும். மான்கள் மேய்ச்சலை மறந்து நிற்கும். குரங்குகள் முன்கிளைக்குச் சண்டை போடும். அந்தக் காட்டில் அதன் பெயர் தெரியாத குஞ்சு கிடையாது.

பிறகு மழை பொய்த்தது. ஏரி வற்றியது. பாறையடியில் கூட்டம் இல்லை.

ஒருநாள் கீரி வந்தது. "வெறும் பாறையைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பீர்கள்? ஏரிக்குள் கல் நட்டு, மனை போட்டு விற்போம். நீங்கள் வந்து நின்றாலே போதும்!"

நீலகண்டன் தயங்கியது. ஆனால் மறுபடியும் தன்னைச் சுற்றிக் கூட்டம் கூடும் என்ற ஆசை விடவில்லை. சம்மதித்தது.

"மயில் நகர்! தண்ணீர் இனி வரவே வராது!" என்று அது சொன்னதும், எலிகளும் முள்ளம்பன்றிகளும் சேமித்த தானியத்தைக் கொடுத்து மனை வாங்கின.

அஞ்சலை என்ற முயல் தன் குட்டிகளோடு வந்தது. "அண்ணே, சின்ன வயதில் அம்மாவோடு உங்கள் ஆட்டம் பார்த்திருக்கிறேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நீங்கள் ஒரு சுற்று சுற்றினீர்கள், பாறையே நீலமாகிவிட்டது! இந்த இடம் நல்ல இடம்தானே?"

நீலகண்டன் பதில் சொல்ல வாயெடுத்தது. அதற்குள் கீரி, "அண்ணனே சொல்லிவிட்டார், அப்புறம் என்ன!" என்றது. அஞ்சலை அங்கேயே வளை தோண்டிக் குடியேறியது.

சில நாளில் காற்று திசை மாறியது. மலைப்பக்கமிருந்து மண்வாசனை வந்தது. நீலகண்டனின் கால்கள் துடித்தன. தோகை தானாக எழும்பியது.

"மடக்குங்கள்!" என்று சீறியது கீரி. "நீங்கள் ஆடினால் மழை வருவது எல்லோருக்கும் தெரிந்துவிடும். மிச்ச மனையை யார் வாங்குவார்கள்?"

நீலகண்டன் தோகையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தது. பழைய நாட்கள் கண்முன் வந்தன. முதல் அடி எடுத்து வைக்குமுன் காடே மூச்சடக்கி நிற்குமே, அந்த அமைதி! கீழே வளைக்குள் முயல்குட்டிகள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. பாறைமேல் பாய்ந்து ஏறியது. தோகையை விரித்தது.

"நீலகண்டன் ஆடுகிறார்!" என்று எல்லாம் வெளியே ஓடிவந்தன.

"மழை வருகிறது! மேட்டுக்கு ஓடுங்கள்! நான் சொன்னது பொய்!" என்று கத்திக்கொண்டே ஆடியது நீலகண்டன்.

குட்டிகளைக் கவ்விக்கொண்டு எல்லாம் மேடேறின. சற்று நேரத்தில் வெள்ளம் ஏரியை நிறைத்தது. நட்ட கல் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. யாரும் கைதட்டவில்லை. கீரி ஓடியே போய்விட்டது. நீலகண்டன் தன் பங்குத் தானியத்தைத் திருப்பிக் கொடுத்தது. வளைகளுக்குள் சேர்த்து வைத்து வெள்ளத்தில் மூழ்கிப்போனதை அதனால் கொடுக்க முடியவில்லை.

அடுத்த மழைக்கு அது ஆடியபோது பாறையடியில் அஞ்சலையும் குட்டிகளும் மட்டுமே இருந்தன.

"ஆட்டம் அப்படியேதான் இருக்கிறது, அண்ணே!" என்றது அஞ்சலை. "ஆனால் இனி நீங்கள் எதைச் சொன்னாலும் வேறு யாரிடமாவது ஒருமுறை கேட்டுக்கொள்வேன்."

நீலகண்டன் தலைகுனிந்தது. பிறகு அவற்றுக்காக இன்னொரு சுற்று ஆடியது.

நம் திறமைக்காகப் பிறர் நம்மேல் வைத்த அன்பைப் பொய்க்கு விலையாக்கினால், திறமை மிஞ்சினாலும் நம்பிக்கை மிஞ்சாது.