பதிலோடு புறப்பட்ட நாக்கு

நாக்குக்கு முதல் துரோகம் செய்தது வலது கை. அதை நாக்கு ஒருநாளும் மறந்ததில்லை.

பாளையங்கோட்டையில் செலஸ்டின் என்றொரு நர்ஸ் இருந்தாள். அவள் ஆறாம் வகுப்புப் படித்தபோது இங்கிலீஷ் டீச்சர் ஒரு கேள்வி கேட்டார். நாக்கு பதிலோடு புறப்பட்டது. அதற்குள் கை நோட்டில் எழுதி நீட்டிவிட்டது. டீச்சர் சிவப்பு மையில் ‘குட்’ போட்டார். அன்று முதல் இங்கிலீஷ் கையின் சொத்தாகிவிட்டது. நாக்குக்கு ஊறுகாயும் காய்ச்சல் மாத்திரையும்தான் மிச்சம்.

வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று செலஸ்டினுக்கு வேலை தர இருந்தது. ஆனால் இங்கிலீஷில் பேசிக் காட்ட வேண்டும். இரண்டு முறை தோற்றாள். மூன்றாம் முறையும் தோற்றால் வேலை இன்னொருத்திக்கு.

கை நாலு பக்கம் எழுதி நாக்கின் முன் வைத்தது.

“உருப்போடும் வே. ஒரு வார்த்தை மாறக்கூடாது.”

“என்ன இது?”

“கடற்கரையைப் பற்றி. எல்லாரும் இதைத்தான் மனப்பாடம் பண்ணுதாவ.”

“கடற்கரையைக் கேட்கலைன்னா?”

“இதுவரை நீர் பேசின லட்சணத்துக்கு எனக்கு யோசனை வேற சொல்லுதீரா!”

பற்கள் கெக்கலித்தன. நாக்கு அவமானத்தை விழுங்கிக்கொண்டு உருப்போட்டது.

தேர்வறையில் ஒரு நரைமுடி அம்மாள், “மறக்க முடியாத நோயாளி ஒருவரைப் பற்றிச் சொல்” என்றார். நாக்கு கடற்கரையைத் தொடங்கியது. அம்மாள் தலையை ஆட்டித் தடுத்தார்.

மேசைக்கடியில் கை வியர்த்து, துப்பட்டாவைத் திருகியது. “எதையாவது சொல்லும் வே! இல்லைன்னா செலஸ்டின் பிள்ளை கெட்டா!”

“எழுதித் தாருமே” என்றது நாக்கு.

“பேனாவை வாசல்லயே வாங்கி வச்சுட்டாவ.”

அப்போது காது மெல்லச் சொன்னது: “அண்ணாச்சி, பன்னிரண்டாம் கட்டில் வடநாட்டுத் தாத்தா? அவர்கிட்ட ஒரு மாசம் அரைகுறை இங்கிலீஷ்லதானே பேசினோம்.”

நாக்கு துணிந்து இறங்கியது. “ஒன் ஓல்ட் மேன்... ஹி நாட் ஈட்.”

நீ என்ன செய்தாய் என்று கேட்டார் அம்மாள்.

“ஐ சிட். ஐ ஈட் ஃபர்ஸ்ட். தென் ஹி ஈட்.”

அம்மாள் சிரித்தார். பிறகு என்ன, பிறகு என்ன என்று கேட்டுக்கொண்டே போனார். நாக்கு தடுக்கியது, திருத்தியது, நிற்காமல் போனது.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. செலஸ்டின் தேறிவிட்டாள்.

“ஏட்டி, சாதிச்சிட்டியே!” என்று வார்டுக்கு ஓடி வந்த புளோரா சிஸ்டர் பிடித்துக் குலுக்கியது கையை. டாக்டரும் கையைத்தான் குலுக்கினார். மருந்துக்கடை அக்காவும் அப்படியே. கை கூச்சத்தோடு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது.

கூட்டம் கலைந்தது. கையிடமிருந்து ஒரு நல்ல வார்த்தை வரும் என்று நாக்கு காத்திருந்தது. வரவில்லை.

கடைசியில் அதுவே கேட்டது: “என்கிட்ட ஏதும் சொல்ல வேண்டியிருக்கா வே?”

“இருக்கே” என்றது கை. “அன்னைக்கு உம்ம பேச்சில் பதினோரு தப்பு. எழுதி வச்சிருக்கேன்.”